இணையத்தில் விற்ற பொருளை அனுப்பும்போது எழும் சிக்கல்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இணையச் சந்தைத் தளங்களில் பொருள் விற்கும் தனிநபர்களுக்கு, விலை பேசி முடிப்பதைவிட விற்ற பொருளைக் கொண்டுசேர்ப்பதில்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன. படித்து முடித்த நூல்களையோ பழைய கேமராவையோ எப்போதாவது விற்பவருக்கும், வீட்டில் செய்த கூடைகளையும் பொடிவகைகளையும் தொடர்ந்து விற்பவருக்கும் இது பொருந்தும். இருபது ரூபாய், முப்பது ரூபாய் என்று கட்டணத்தில் போவது சிறு தொகையாகத் தோன்றினாலும், முந்நூறு ரூபாய்ப் பொருளில் கிடைக்கவேண்டிய ஆதாயமே அவ்வளவுதான் என்பதால், எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிப்பது அவசியமாகிறது. கீழே ஒவ்வொரு தலைப்பும் உங்கள் கண்ணுக்குத் தெரியும் ஓர் அறிகுறியாக அமைந்துள்ளது. உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே செல்லலாம். இதில் கூறப்படுபவை இந்தியாவுக்குள் அனுப்பும் பார்சல்களுக்கு உரியவை.

கவுண்டரில் கேட்ட கட்டணம் நீங்கள் கணக்கிட்டதைவிட அதிகமாக இருந்தால்

முதலில் எடைப்படியைப் பாருங்கள். கட்டணம் கிராமுக்குக் கிராம் ஏறுவதில்லை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவுகிறது. இந்திய அஞ்சல் துறை 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்திய ஸ்பீட் போஸ்ட் ஆவணப் பிரிவுக் கட்டணத்தில், 51 முதல் 250 கிராம் வரை ஒரு படி, 251 முதல் 500 கிராம் வரை அடுத்த படி. சென்னையிலிருந்து மதுரைக்கு அனுப்பினால் அது 201 முதல் 500 கிலோமீட்டர் தொலைவுக்குள் வரும். அதற்கு முதல் படியில் 63 ரூபாய், அடுத்த படியில் 75 ரூபாய். பழைய அஞ்சலட்டைகளைச் சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்று, வெறும் அட்டைகளை 240 கிராம் என்று நிறுத்து 63 ரூபாய் எனக் கணக்கிட்டிருப்பீர்கள். மடங்காமல் இருக்க வைத்த தடித்த அட்டை, உறை, டேப் ஆகியவை சேர்ந்ததும் எடை 270 கிராமுக்கு வந்துவிடுகிறது. ஆகவே நிறுக்கவேண்டியது பொருளை அன்று, முகவரிச் சீட்டு வரை ஒட்டி முடித்த பொதியை.

அடுத்ததாக வரி. மேற்கண்ட கட்டணங்களின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும்; 63 ரூபாய் 74.34 ஆகவும், 75 ரூபாய் 88.50 ஆகவும் மாறும். கட்டணப் பட்டியலைப் பார்த்து வாங்குபவரிடம் தொகை சொல்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான்.

மூன்றாவது காரணம், பழக்கத்தில் 'பதிவுத் தபால்' என்று கேட்பது. பதிவு அஞ்சல் சேவை 2025இல் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது உரியவர் கையில்தான் கொடுக்கவேண்டும் என்று கேட்டால், அது ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தின் மேல் 5 ரூபாயும் வரியும் கொண்ட கூடுதல் சேவையாக வரும். ஓ.டி.பி. சொன்னால் மட்டுமே பொருளைக் கொடுக்கும் வசதிக்கும் அதே 5 ரூபாயும் வரியும்தான். விலை உயர்ந்த பொருளுக்கு இந்தச் செலவு நியாயமானது. 150 ரூபாய்ப் பொருளுக்கு வேண்டுமா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். கவுண்டரில் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்.

நான்காவது, பிரிவு. மேலே சொன்ன கட்டணம் ஆவணங்களுக்கானது. சரக்காகக் கருதப்படும் பொதிக்குப் பார்சல் பிரிவின் கட்டணம் பொருந்தும். உங்கள் பொதி எந்தப் பிரிவில் பதிவானது என்பதை ரசீது கைக்கு வந்தவுடன் படித்துப் பாருங்கள். பணம் கட்டி வெளியே வந்தபின் கேட்பதைவிட, அங்கேயே கேட்டால் திருத்துவது எளிது.

நூல்களை விற்பவர்கள் ஞான் போஸ்ட் என்ற சேவையைப் பற்றிக் கேட்டுப் பார்ப்பது நல்லது. 2025 மே 1 அன்று தொடங்கப்பட்ட இச்சேவையில் 300 கிராம் வரையிலான பொதிக்கு 20 ரூபாயும், 5 கிலோ வரையிலான பொதிக்கு 100 ரூபாயுமாகக் கட்டணம் அமைந்துள்ளது. கண்காணிப்பு வசதி உண்டு. ஆனால் தரைவழியாகச் செல்வதால் நாள் கூடுதலாகும். கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்காக ஏற்பட்ட சேவை என்பதால் எல்லா அச்சுப் பொருளும் இதில் சேராது. பருவ இதழ்களும் விளம்பர அச்சுகளும் இதில் ஏற்கப்படுவதில்லை. நூலில் பதிப்பகத்தின் பெயரோ அச்சகத்தின் பெயரோ இருக்கவேண்டும். போட்டித்தேர்வு நூல்களைக் கட்டாக விற்பவர்களுக்கு இதைவிட மலிவான, கண்காணிக்கக்கூடிய வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

எடை குறைவாக இருந்தும் கட்டணம் பல மடங்காக வந்தால்

இது கன எடையால் வருவது. இலேசான, ஆனால் இடத்தை அடைக்கும் பொருள்களுக்குக் கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடையைப் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ. அளவில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் கிடைக்கும் எண்ணைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டு, அதுவும் தராசு காட்டும் எடையும் எது கூடுதலோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. வகுக்கும் எண் சில இடங்களில் மாறும். தரைவழிச் சேவைகளில் அதைவிடப் பெரிய எண்ணைக் கொள்வதும் உண்டு. ஆனால் இந்தியாவில் பரவலாக வழங்குவது 5000 தான்.

பனையோலைக் கூடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூடையின் எடை பெட்டியோடு சேர்த்து 1.4 கிலோ. பெட்டி 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். பெருக்கினால் 30,000, 5000 ஆல் வகுத்தால் 6 கிலோ. அதாவது 1.4 கிலோ பொருளுக்கு 6 கிலோவின் கட்டணம். இங்கே கூரியர் ஊழியரிடம் வாதாடிப் பயனில்லை. கணக்கு சரியாகவே உள்ளது. மாற்றவேண்டியது பெட்டியை. கூடையைச் சுற்றி நான்கு பக்கமும் மூன்று செ.மீ. இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியே நீளத்திலும் அகலத்திலும் ஆறு ஆறு செ.மீ. கூட்டிவிடும். 34, 24, 22 என்று பெட்டியைக் குறைத்தால் 17,952, அதாவது 3.6 கிலோ. அட்டைப்பெட்டியின் ஓரங்களைக் கத்தியால் கீறி மடித்து உயரத்தைக் குறைப்பது ஐந்து நிமிட வேலை. ஒரே வாங்குபவருக்கு இரண்டு கூடைகள் என்றால், சிறியதைப் பெரியதற்குள் வைத்து அனுப்பும்படி அளவுகளைத் தேர்ந்தெடுத்து விற்பதே புத்திசாலித்தனம்.

சேலை விற்பவர்களுக்கும் இதே கணக்குதான். 400 கிராம் பருத்திச் சேலையை 30, 25, 5 அளவுள்ள அட்டைப்பெட்டியில் வைத்தால் கன எடை 750 கிராம் ஆகி, அரைக் கிலோப் படியைத் தாண்டிவிடுகிறது. அதே சேலையை இறுக மடித்து, 28, 22, 3 அளவில் கூரியர் உறையில் போட்டால் கன எடை 370 கிராம்தான்; தராசு எடையும் உறையோடு சேர்த்து அரைக் கிலோவுக்குள் நிற்கும். சேலைக்குப் பெட்டி அழகுதான். ஆனால் வாங்குபவர் அழகுப் பெட்டிக்குத் தனியாகப் பணம் தர இசைந்தாலன்றி, உறையே போதும் என்பது என் கருத்து.

அனுப்பிய சில நாள்களுக்குப் பிறகு 'எடை வேறுபாடு' என்று பணம் பிடிக்கப்பட்டால்

தளத்தின் வழியாகவோ, பல கூரியர்களை ஒரே இடத்தில் தரும் இணையச் சேவையின் வழியாகவோ அனுப்புபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. நீங்கள் பதிவுசெய்தது அரைக் கிலோ. கூரியரின் மையத்தில் இயந்திரம் அளந்தது ஒரு கிலோ. வித்தியாசம் உங்கள் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது.

உடனே மறுப்புத் தெரிவிக்காதீர்கள். முதலில் அவர்கள் சொல்லும் எண் தராசு எடையா, கன எடையா என்று பாருங்கள். கன எடை என்றால், மேலே சொன்ன கணக்கை உங்கள் பெட்டியின் அளவுக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். கணக்கு ஒத்துப்போனால் பிழை உங்கள் பதிவில் உள்ளது. அந்தப் பொருளின் அளவுகளைத் தளத்தில் திருத்தாவிட்டால் அடுத்த ஒவ்வொரு விற்பனையிலும் இதே பிடித்தம் தொடரும். உறையில் அனுப்பும் பொருள்களில் இன்னொன்றையும் கவனியுங்கள்: உறை உப்பியிருந்தால் இயந்திரம் உப்பிய உயரத்தையே அளக்கும். காற்றை வெளியேற்றி, நடுவே ஒரு சுற்று டேப் ஒட்டினாலே இது தீர்ந்துவிடுகிறது.

கணக்கு ஒத்துப்போகாவிட்டால் மறுப்புத் தெரிவிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதற்குப் படங்கள் வேண்டும். அவை பார்சல் கிளம்பும் முன்பே எடுக்கப்பட்டவையாக இருக்கவேண்டும். ஒரு படத்தில், முகவரிச் சீட்டு ஒட்டிய பொதி தராசின்மேல் இருக்க, சீட்டில் உள்ள எண்ணும் தராசின் எண்ணும் ஒருசேரத் தெரியவேண்டும். அடுத்த மூன்று படங்களில் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றுக்கும் அளவு நாடாவை வைத்து எடுக்கவேண்டும். நாடாவின் தொடக்கமும் முடிவும் படத்துக்குள் விழவேண்டும். தராசின் எண் மட்டும் தெரிந்து சீட்டு தெரியாத படத்தை ஏற்கமாட்டார்கள், ஏனெனில் அது எந்தப் பொதியின் எடை என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. மறுப்புக்கான காலக்கெடு தளத்துக்குத் தளம் மாறும். சில இடங்களில் ஒரு வாரம்கூடக் கிடைப்பதில்லை. பணம் பிடித்த அறிவிப்பு மின்னஞ்சலில் கவனிக்கப்படாமல் கிடப்பதால்தான் பலர் இந்தப் பணத்தை இழக்கிறார்கள்.

பார்சலை ஏற்க மறுத்தால், அல்லது பாதி வழியில் திருப்பி அனுப்பினால்

உள்ளே என்ன இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். விமானத்தில் செல்லும் பார்சல்கள் எக்ஸ்ரே சோதனைக்கு உட்படும். வாசனைத் திரவியம், தெளிப்பான் டப்பா, நெயில் பாலிஷ், பவர் பேங்க், தனியாக வைத்த லித்தியம் பேட்டரி போன்றவை அங்கே நிறுத்தப்படும். நம் பக்கத்து விற்பனையாளர்கள் எதிர்பாராத ஒன்று கொப்பரை: தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் விமானச் சரக்கு விதிகள் அதைச் சேர்த்துள்ளன. தேங்காய் எண்ணெய், தேன், ஊறுகாய் ஆகியவற்றை ஏற்கும் சேவைகள் உண்டு. ஆனால் ஒழுகாத மூடி, அதற்கு மேல் ஒட்டிய பை, அதற்கு மேல் பெட்டி என்று மூன்று தடுப்புகள் இல்லாமல் அவற்றை அனுப்புவது, அதே மூட்டையில் செல்லும் மற்றவர்களின் பொருளையும் பாழாக்கும். இவற்றுக்குத் தரைவழிச் சேவையைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே இருப்பதை மறைத்து 'துணி' என்று எழுதாதீர்கள். மறைத்து எழுதிய பொருள் தொலைந்தால் இழப்பீடு கேட்க வழியே இல்லாமல் போகும்.

கண்காணிப்பு எண் வேலை செய்யவில்லை என்று வாங்கியவர் சொன்னால்

அஞ்சல் துறையின் எண்ணில் 13 இடங்கள் உண்டு: முதலில் இரண்டு எழுத்துகள், பிறகு ஒன்பது இலக்கங்கள், கடைசியில் நாட்டைக் குறிக்கும் ஐ, என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். நடுவில் உள்ள ஒன்பதும் இலக்கங்களே என்பதால், அங்கே ஓ என்ற எழுத்து வர வாய்ப்பில்லை. அப்படித் தெரிவது சுழியம்தான். ஒன்பதாவது இலக்கம் முந்தைய எட்டிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஆகவே ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் பெரும்பாலும் வேறொருவரின் பார்சல் தெரியாது. எண் செல்லாது என்றுதான் வரும். 'எண் தவறு' என்று வந்தால் ரசீதைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். கையால் தட்டி அனுப்பும் எண்களில்தான் இந்தப் பிழை புகுகிறது.

எண் சரி, ஆனால் 'விவரம் இல்லை' என்று வந்தால் காரணம் வேறு. தனியார் கூரியர்களில் சீட்டு அச்சானவுடன் எண் பிறந்துவிடும். பொதியை எடுத்துச் செல்பவர் அதை வருடி (ஸ்கேன் செய்து) முடித்தபின்தான் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. மாலை அவசரத்தில் பொதிகளை வாங்கிக்கொண்டு, பிறகு வருடிக்கொள்கிறேன் என்று செல்பவர்கள் உண்டு. அந்த இடைவெளியில் ஒரு பொதி காணாமல் போனால், நீங்கள் கொடுத்ததற்கே ஆதாரம் இல்லாமல் போகும். எத்தனை பொதிகள் கொடுத்தீர்களோ அத்தனையும் பதிவாகிவிட்டன என்பதை அவர் இருக்கும்போதே செயலியில் பார்த்து, ஒப்படைப்புச் சீட்டில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மனம் கோணுமோ என்று தயங்கவேண்டாம். நேர்மையான ஊழியருக்கும் அது பாதுகாப்பே.

பட்டைக் குறியீடு (பார்கோடு) வருடப்படாமல் நிற்பதற்கு இன்னொரு காரணம், அதன்மேல் ஒட்டிய பளபளக்கும் டேப். சீட்டின் நான்கு ஓரங்களில் மட்டும் டேப் ஒட்டுங்கள். பெட்டியின் மூலையில் மடிந்து கிடக்கும் குறியீட்டையும் கருவியால் படிக்க இயலாது.

பார்சல் வேறு ஊருக்குப் போய்விட்டால், அல்லது முகவரி போதவில்லை என்று திரும்பி வந்தால்

பின்கோடைப் பாருங்கள். பார்சலைப் பிரிக்கும் இடங்களில் ஊரின் பெயரை யாரும் படிப்பதில்லை. ஆறு இலக்கங்கள்தான் அதன் வழியைத் தீர்மானிக்கின்றன. 641001 கோயம்புத்தூர், 614001 மன்னார்குடி. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் கொங்கு நாட்டுக்குச் செல்லவேண்டியது காவிரிப் படுகைக்குச் சென்றுவிடும். வாங்குபவர் தந்த பின்கோடையும் ஊரையும் அஞ்சல் துறையின் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். கிராமத்து முகவரிகளில் ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம் என்று நான்கும் தனித்தனியே இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உள்ள நம் மாநிலத்தில், வட்டத்தின் பெயர் இல்லாத முகவரி பாதி முகவரியே. 'மாரியம்மன் கோவில் எதிரில்' என்ற குறிப்பை நீக்கிவிடாதீர்கள். கதவு எண் ஒழுங்காக இல்லாத தெருவில் டெலிவரி செய்பவருக்கு உதவுவது அந்தக் குறிப்பும் கைபேசி எண்ணும்தான்.

முகவரி சரியாக இருந்தும் திரும்பி வந்தால், 'டெலிவரிக்கு முயன்றோம், ஆள் இல்லை' என்ற பதிவு எப்போது ஏறியது என்று பாருங்கள். அன்று தமக்கு அழைப்பே வரவில்லை என்று வாங்கியவர் சொன்னால், அவருடைய அழைப்புப் பட்டியலின் படத்தை வாங்கி, மறுமுயற்சி கேட்டு அன்றே விண்ணப்பியுங்கள். பொதி திரும்பப் புறப்பட்டுவிட்டால் பிறகு நிறுத்துவது கடினம். பொருளைக் கொடுக்கும்போது கையில் பணம் வாங்கும் முறையில் அனுப்பியிருந்தால் இழப்பு இரட்டிப்பாகும்: போன கட்டணமும் உங்களுடையது, பல சேவைகளில் திரும்பி வரும் கட்டணமும் உங்களுடையது. புதிய வாங்குபவருக்கு இந்த முறையில் அனுப்புமுன், ஒருமுறை தொலைபேசியில் பேசி முகவரியை உறுதி செய்துகொள்வதே சிறந்த தடுப்பு.

பொருள் உடைந்துவிட்டது, அல்லது பெட்டி காலியாக இருந்தது என்று சொன்னால்

இந்த அறிகுறிக்கு மருந்து முன்கூட்டியே தரப்படவேண்டியது. பொருளை உள்ளே வைப்பதிலிருந்து சீட்டு ஒட்டுவது வரை, இடையில் நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுத்து வையுங்கள். பொருளின் வரிசை எண்ணோ, சேலையின் முந்தானையோ, நூலின் முதல் பக்கமோ நெருக்கத்தில் தெரியட்டும். வாங்குபவரிடமும் பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுக்குமாறு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காக, காணொளி இல்லை என்ற ஒரே காரணத்தால் உண்மையான குறையைச் சொல்பவரைத் திருப்பி அனுப்புவது நியாயமன்று.

இழப்பீட்டைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளவேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் பொருள் தொலைந்தாலோ சேதமடைந்தாலோ, கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே இழப்பீடு. 90 ரூபாய் கட்டணம் கட்டிய 8000 ரூபாய்க் கேமராவுக்குக் கிடைக்கக்கூடியது 180 ரூபாய்தான். இதனால்தான், விலையுயர்ந்த பொருளுக்குத் தனியாகக் காப்பீடு செய்யவேண்டும் என்று திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறேன். அஞ்சலில் 1 லட்சம் ரூபாய் வரை அதற்கு வசதி உண்டு. பொதியில் 'உடையும் பொருள்' என்று சிவப்பு எழுத்தில் ஒட்டுவதால் யாரும் அதைத் தனியாகத் தூக்கிச் செல்வதில்லை. இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் உள்ளே அசையாமல் இருக்கிறதா என்று குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் மறுபடி கட்டுங்கள்.

பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு வாங்கியவர் வற்புறுத்தினால்

இங்கே நீங்கள் யார் என்பதுதான் முதல் கேள்வி. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், தொழிலாகவோ தொடர்ச்சியான வணிகமாகவோ இல்லாமல் ஒருவர் தம் தனிப்பட்ட நிலையில் செய்யும் விற்பனைக்குப் பொருந்தாது. வீடு மாறும்போது பழைய கட்டிலை விற்பவர் இந்த விதிகளுக்குள் வருவதில்லை. ஆனால் வாரந்தோறும் சேலை விற்பவர், கடை இல்லாவிட்டாலும், வருவார்.

நீங்கள் இந்த விதிகளுக்குள் வருபவர் என்றால், பொருள் குறையுடையதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ, சொன்ன நாளுக்குப் பிந்தியோ வந்திருந்தால், திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் மறுக்க இயலாது. தவிர்க்கமுடியாத பேரிடரால் தாமதமானால் மட்டும் விலக்கு உண்டு. 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று எழுதி வைத்திருப்பது இங்கே உதவாது. 'மூன்று நாளில் கிடைக்கும்' என்று மகிழ்ச்சியாக வாக்குக் கொடுப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்; ஏழு நாள் என்று எழுதி நான்காம் நாள் சேர்ப்பதே பாதுகாப்பானது. அதே விதிகள், மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டி, அதற்குள் டெலிவரி, அஞ்சல், கையாளும் கட்டணங்கள் எவ்வளவு என்று பிரித்தும் காட்டவேண்டும் என்கின்றன. ஆகவே விலை பேசி முடித்தபின் 'கூரியர் தனி' என்று சொல்வது பண்பும் அன்று, விதியும் அன்று.

தனிப்பட்ட நிலையில் விற்பவர் இந்த விதிகளிலிருந்து விடுபட்டாலும், பொய்யான விளக்கம் கொடுக்க அவருக்கும் உரிமை இல்லை. கேமராவின் லென்ஸில் பூஞ்சை இருந்தால் அதைப் படம் எடுத்தே விற்கலாம். தெரிந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

வங்கிக்கு வந்த தொகை விற்ற விலையைவிடக் குறைவாக இருந்தால்

தளத்தின் கணக்கறிக்கையைத் திறந்து வரிவரியாகப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 600 ரூபாய்க்கு விற்ற பொருளுக்குத் தளத்தின் தரகு 60 ரூபாய், டெலிவரி 75 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்த 135 ரூபாயின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 24.30 சேர்ந்து 159.30 கழியும், வருவது 440.70. தரகையும் டெலிவரியையும் கணக்கில் கொண்டவர்கள்கூட அந்த 24.30 ரூபாயை மறந்துவிடுகிறார்கள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவருக்கு அது திரும்பக் கிடைக்காத செலவு.

அடுத்து வருமான வரிப் பிடித்தம். 2024 அக்டோபர் 1 முதல் இதன் விகிதம் 0.1 சதவீதம். ஆண்டு விற்பனை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாத தனிநபர், பான் அல்லது ஆதார் எண்ணைத் தளத்தில் பதிந்திருந்தால் இந்தப் பிடித்தமே இல்லை. உங்கள் விற்பனை சிறியதாக இருந்தும் 5 சதவீதம் கழிந்திருந்தால், பான் எண் பதியப்படவில்லை அல்லது சரிபார்க்கப்படவில்லை என்று பொருள், அன்றே திருத்துங்கள். பிடித்தது உங்கள் வரிக்கணக்கில் ஏறியிருக்கும். கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

இவை எதுவும் இல்லையென்றால், முன்பு திரும்பி வந்த பொருள் ஒன்றின் கட்டணம் இந்தத் தவணையில் கழிக்கப்பட்டிருக்கும். ஆர்டர் எண்ணை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும்.

வெளிமாநில ஆர்டர்களைத் தளம் அனுமதிக்கவில்லை என்றால்

இது பிழை அன்று. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்களும் 2023 அக்டோபர் 1 முதல் மின்வணிகத் தளங்களில் பொருள் விற்கலாம். பான் எண்ணைக் கொண்டு ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பதிவெண் ஒன்றைப் பெற்று, ஒரே மாநிலத்துக்குள் மட்டும் விற்கவேண்டும் என்பது நிபந்தனை. இவர்களிடமிருந்து தளம் ஜி.எஸ்.டி. சட்டத்தின்படி மூலத்தில் வரி வசூலிக்கக்கூடாது என்ற சலுகையும் உண்டு. வீட்டிலிருந்து விற்கும் பெண்களுக்கு இது திறந்துவிட்ட கதவு மிகப் பெரியது. ஆனால் மாநில எல்லை அதன் நிலைப்படி. விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரி வேறு ஆட்சிப் பகுதி என்பதால் அங்கே அனுப்ப இயலாது. பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாகர்கோவிலுக்கு அனுப்பலாம். காரைக்காலும் புதுச்சேரியைச் சேர்ந்ததே என்பதை நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து விற்பனையாளர்கள் கவனிக்கவேண்டும். எல்லை தாண்டிய வாங்குபவர்கள் அதிகமாகிவிட்டால், முறையாக ஜி.எஸ்.டி. பதிவு செய்துகொள்வதே வழி.

பணம் அனுப்புவதாகச் சொல்லி வாங்குபவர் கியூஆர் குறியீடு அனுப்பினால்

அதை வருடாதீர்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அந்த எண்ணைக் கேட்கும் எதுவும் உங்கள் பணத்தை எடுப்பதற்கானது. 'கூரியர்காரர் வந்து எடுத்துக்கொள்வார், அவருடைய கட்டணத்தை மட்டும் முதலில் கட்டுங்கள்' என்பதும் அதே வகை. பணம் போய்விட்டால் தாமதமின்றி இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும்.

எல்லாம் செய்தும் தீராவிட்டால்

அஞ்சல் பார்சல் என்றால், ரசீதில் உள்ள எண்ணோடு துறையின் இணையதளத்தில் புகார் பதிந்து, 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம். பொருள் தேங்கி நிற்கும் அஞ்சல் நிலையத்தின் பெயர் கண்காணிப்பில் தெரிந்தால், வாங்கியவரை அங்கே ரசீதின் படத்தோடு நேரில் போகச் சொல்வது பல நேரங்களில் புகாரைவிட விரைவாகப் பலன் தருகிறது. தளத்தின் மேல் குறை என்றால், மேற்சொன்ன விதிகளின்படி அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். ஆகவே தொலைபேசியில் பேசியதோடு விடாமல், அந்த அலுவலரின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். ஆர்டர் எண், அனுப்பிய நாள், கட்டிய தொகை, கேட்கும் தொகை ஆகிய நான்கும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். தராசுப் படமும் ரசீதும் இணைப்பாகச் செல்லட்டும்.

நீங்கள் வாங்குபவராக இருந்து விற்பனையாளர் மேல் குறை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலும் பேசலாம்.